நோரீன் ஓடிய மைல்கள்

1972 மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நோரீன் ஹாலரன் தன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடியே மணிக்கு நூற்றிருபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், திரைச்சீலை அசையாது. அவள் தலைமுடி மட்டும் பின்னால் பறக்கும், கண்ணில் நீர் வழியும். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். பிறகு கணவன் கீத் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான வாரல்பாவில் கோடை முடிகிற நேரத்தில் பலருக்கும் பலது ஆகும் என்பதால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி மஞ்சள் நிறம். பாதர்ஸ்ட் மலைக் கார்ப் பந்தயத்தில் ஒரு கம்பெனி தன் வண்டியை இறக்க வேண்டுமானால் அதே வண்டியில் முந்நூறு செய்து சாதாரண ஜனங்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்று அந்த நாளில் விதி இருந்தது. பந்தயக் குதிரையைப் பால்காரனுக்கு விற்கிற கதைதான். அப்படி விற்றதில் ஒன்று கோதுமை விவசாயி கீத்திடம் வந்து சேர்ந்தது. இது அரிய வண்டி, மைல் குறைவாக இருந்தால் இன்னும் அரிது என்று எங்கள் ஊர் ஆண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீத் செய்ததும் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஓட்டப்போகும் முன் குறடால், ஓடிய மைலைக் கணக்கிடும் மீட்டரின் கேபிளைக் கழற்றுவான், திரும்பி வந்ததும் மாட்டிவிடுவான். மீட்டர் 911-லேயே நிற்கும். மைல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

வெட்டுக்கிளி வந்த வருடம், பயிரைத் தின்று தீர்த்த அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கீத் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்து ஸ்பைரோவின் காரேஜில் நிறுத்தினான். ஸ்பைரோ வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணாடியில் ஒரு இறக்கைகூட இல்லை. டயர் அப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா கீத், ஒரு பூச்சிகூட ஒட்டலியே. ரோட்டுல வந்தியா, வானத்துல வந்தியா?"

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போன கீத், வாசலில் நோரீனைப் பார்த்தான். நெற்றியிலும் பல்லிலும் காது மடலிலும் நசுங்கிய வெட்டுக்கிளிகள்.

"கொஞ்சம் மெதுவா வந்தா என்ன கீத்? ஒண்ணு வாய்க்குள்ளயே போயிருச்சு," என்றாள் அவள்.

கீத் நடுங்கிப்போனான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கேபிளை மாட்டிக்கொண்டு ஓட்டினால் மீட்டர் ஏறும். அதனால் இனி மணிக்கு நாற்பதைத் தாண்டமாட்டேன் என்று மனைவியின் தலையில் கைவைத்துச் சொன்னான். ஓட்டவே மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. இரண்டு வருடம் நாற்பதில் ஓட்டினான். பிறகு ஒரு மாலை, தானியக் கிடங்கு வளைவில், முழுதாய் வளர்ந்த கங்காரு ஒன்று இடது மட்கார்டில் வந்து மோதியது. வண்டியில் கீறல் இல்லை. நோரீன் அடுப்படியில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தாள், இடது இடுப்பு உடைந்து, மேலெல்லாம் சாம்பல் நிற ரோமம்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. இஞ்சின் இறுகிவிடக் கூடாதே என்று மாதம் ஒருமுறை நின்ற இடத்திலேயே உறுமவிடுவான், அவ்வளவுதான். அப்போது நோரீன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள். வைக்காவிட்டால் சிந்தும். மாதம் முழுக்க அந்த நாளை நினைத்துப் பயந்துகொண்டிருப்பாள்.

1983-இல் சிட்னியிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். மீட்டரைப் பார்த்து விசிலடித்தார். சமையலறையில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் வைத்தார்கள்.

"கவலையே படாதீங்க, நானும் மீட்டரை ஏத்தமாட்டேன். கேபிளைக் கழட்ட எனக்கும் தெரியும்," என்று கண்ணடித்தார். "ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து, அவ்ளோதான். ஆனா நூத்தம்பதுக்குக் கீழ ஓட்டுனா இந்த வண்டிக்கே அவமானம் பாருங்க."

நோரீன் அவரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"நூத்தம்பதுல ஒரு கங்காரு வந்தா எனக்கு எந்த எலும்பு மிஞ்சும் கீத்?"

வந்தவர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். கீத் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தான். ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் நோரீனுக்குப் போதுமாக இருந்தது.

"சாவியைக் குடு."

"உன் காலை வச்சுக்கிட்டு எப்படி…"

"என் மைலு. நானே ஓட்டிக்கிறேன்."

நொண்டிக்கொண்டே ஷெட்டுக்குப் போய், கேபிள் இறுக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை வெளியே எடுத்தாள். கிடங்கு வளைவில் ஓர் இடிச்சத்தம் கேட்டது. சாலையில் குறுக்கே எதுவும் வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது, நசுங்கிய தகட்டில் சாம்பல் ரோமம் ஒட்டியிருந்தது. நோரீன் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். ஊன்றுகோல் இல்லாமல், நொண்டாமல் நடந்தாள். வண்டி வீட்டுக்குத் திரும்பியதும், சிட்னிக்காரர் 914 என்ற எண்ணையும் நசுங்கிய தகட்டையும் பார்த்துவிட்டு, தேநீரைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பினார்.

இப்போது மீட்டர் 61,204. ரொட்டிக்கும் தபாலுக்கும் அவள் அந்த வண்டியில்தான் போகிறாள். வண்டியின் முகமெல்லாம் கல்பட்ட தழும்பு, கண்ணாடி நிறையப் பூச்சி. கேபிளைக் கழற்றும் குறடு அவள் கைப்பையில் இருக்கிறது. அவள் எதற்கும் அதை வெளியே எடுத்ததாக ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் கிளம்பிய சத்தம் கேட்டதும் கீத் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருக்கும் தலைமுடி பறக்கிறதா என்று அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறான். போன வியாழக்கிழமை முடி லேசாக அசைந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.