தாளம் விழுந்த பிறகு

மான்செஸ்டர் சேர்ந்திசைக் குழுவின் கடைசி வரிசையில் நின்ற ஹில்டாவும் ஆனிஸும் ஒரே மில்லில் தறி ஓட்டியவர்கள். தறிகள் இரையும் கூடத்தில் பேச்சு காதில் விழாது. உதட்டைப் பார்த்தே வம்பளக்கப் பழகியிருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த இளம் இசையமைப்பாளர் ஃபேரன்ட்டுக்கு இது தெரியாது.

அவருடைய புதுப் படைப்பில் பியானோவும் பித்தளைக் குழல்களும் ஜாஸ் நடையில் துள்ளின. தாளம் விழுந்து ஒரு கணம் கழித்துப் பாட வேண்டும். தேவாலயத்தில் பாடி வளர்ந்த கடைசி வரிசையோ ஒவ்வொரு முறையும் தாளத்தின் மேலேயே போய் நின்றது. மேடையின் மறுகோடியில் ஃபேரன்ட், பாட்டு வாத்தியார் ஓப்பன்ஷாவின் காதில் கிசுகிசுத்தார்.

"பாத்தியாடி?" என்றாள் ஹில்டா.

"பாத்தேன். 'சாவு வீட்ல பாடுற மாதிரி இருக்கு, கச்சேரியன்னைக்குப் பின்வரிசை வாய மட்டும் அசைக்கட்டும்'ங்கிறான்."

வீட்டில் ஹில்டா இதைச் சொன்னதும் ஆமோஸ் சிரித்தார். தறிச் சத்தத்துக்குக் காதைப் பறிகொடுத்தவர் ஹில்டாவின் கணவர். "நீ வாயசைச்சாலே எனக்குப் பாட்டுதானே. மாடியில முன்வரிசை டிக்கெட் வாங்கியாச்சு."

"உங்களுக்குப் பாட்டு. எனக்கு?" என்று உதட்டை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மில்லிலிருந்து மரச்செருப்போடு நேரே ஒத்திகைக்கு வந்தாள்.

"சார், சாவு வீடுன்னீங்களே. கல்யாண வீடு மாதிரி ஒரு தடவை பாடிக் காட்டட்டுமா?"

ஃபேரன்ட் திடுக்கிட்டார். "யாரு சொன்னது?"

"உங்க உதடுதான்."

கூடமே சிரித்தது. காது சிவக்க அவரும் சிரித்தார். "சரிம்மா, ஒரு தடவை."

மறுபடியும் தாளத்தின் மேலேயே விழுந்தார்கள்.

"அவசரப்படாதீங்க" என்றார் ஃபேரன்ட். "தாளம் முன்னால போகட்டும். டிராமைத் தவறவிட்டு ஓடுறவங்க மாதிரி பின்னால வாங்க."

"அது தினமும் செய்யறதுதானே!" என்றாள் ஆனிஸ்.

தறி முன் நிற்கையில் குளிருக்குக் காலைத் தட்டுவது ஹில்டாவின் பழக்கம்: முன்பாதம் ஒன்று, குதிகால் ஒன்று. முன்பாதத்தைத் தாளத்துக்கு விட்டாள். குதிகாலில் குரலை எடுத்தாள். வரிசை முழுக்கத் தட்டத் தொடங்கியது. பாட்டு குதித்தது.

ஃபேரன்ட் இம்முறை இசைத்தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஓப்பன்ஷாவிடம் பேசினார். ஹில்டா எட்டிப் பார்த்தாள்; உதடு தெரியவில்லை.

ஓப்பன்ஷா தொண்டையைச் செருமினார். "செருப்புச் சத்தம் வேண்டாமாம். பாட்டு வேணுமாம்."

கச்சேரியில் கடைசி வரிசை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்று பாடியது.

திரும்பும் டிராமில் ஆமோஸ் உர்ரென்றிருந்தார். "மானமே போச்சு. தாளம் காட்டுறவர் குச்சி கீழ இறங்கினப்புறம்தான் வாயத் திறக்கறீங்க! பக்கத்துல இருந்தவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"அதுதாங்க பாட்டே!"

"சமாளிக்காத."

கடைசிவரை அவர் நம்பவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "ஊரே பாக்க இவ பிந்திப் பாடினா. அதுக்கும் கைதட்டினாங்க" என்பார். இப்போது வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது, ஹில்டா அவருடைய காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, ஒரு கணம் பிந்தி, வாயசைக்கிறாள்.