ஒருவர் சாப்பிட, ஒருவர் பார்க்க

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு மொட்டைமாடி என்று பெயர். ஆள் நல்ல உயரம். முப்பது வயதாவதற்குள் தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "மேல வந்து பாரு, காத்து நல்லா வருது" என்பார்.

வெளிநாட்டில் ஒரு பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்தக் கம்பெனி அவரை அனுப்பியபோதுதான் அந்தச் சாப்பாடு பழக்கமானது. தங்கியிருந்த அறைக்குக் கீழேயே ஒரு கஃபே இருந்தது. விடுமுறை நாளில் இறங்கிப் போய் இஸ்ரேலியக் காலை உணவு என்று கேட்டால் மேசையே மறைந்துவிடும். இரும்பு வாணலியில் தக்காளியும் குடைமிளகாயும் கொதித்துக்கொண்டிருக்கும். நடுவே உடைத்து ஊற்றிய முட்டைகள். அதற்குப் பெயர் ஷக்ஷுகா. சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ், எள்ளு விழுது. கூடவே சூடான ரொட்டி.

வேலை இழுத்துக்கொண்டே போக, மனைவியைக் கொஞ்ச நாள் அங்கே வரவழைத்தார். அவள் ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். மேசையைப் பார்த்து மலைத்துப்போனாள்.

"காலங்காத்தால இவ்வளவையும் யாருங்க தின்பாங்க?"

"பேசிட்டே இரு. நான் முடிச்சிடுறேன்."

வாணலியின் அடியை வழிக்கக் கடைசி ரொட்டித் துண்டுக்கு இருவரும் சண்டை போட்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் வேறு எதற்கும் அவர்கள் அப்படிச் சண்டை போட்டதில்லை.

ஊர் திரும்பிய பிறகு, அவள் வேலை பார்க்கும் தெருவிலேயே அதே சாப்பாட்டோடு ஒரு கஃபே வந்தது. முதல் வாய் வைத்ததும் அவர் முகம் சுளித்தார். "சீரகத்த அள்ளிக் கொட்டியிருக்கான்." ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனார்கள். இரண்டு மூன்று வாரத்தில் சமையல்காரர் அவரைக் கண்டதுமே, "சார் வந்துட்டாரு, சீரகத்த எடுத்து உள்ள வை" என்று சிரிக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். "கொட்டுறதுக்கு எங்கிட்ட முடி எங்க இருக்கு?" என்று நர்சுகளிடம் வம்பளந்தார். கட்டி சுருங்கியது. ஆனால் விழுங்கும் சக்தி போய்விட்டது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாகக் கஞ்சிபோல ஒன்றை ஊற்றச் சொன்னார்கள்.

"ஒரு மடக்குத் தண்ணிகூட வாயால வேணாம். நேரா நுரையீரலுக்குப் போயிடும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கஃபேக்கு." குரல் சருகுபோலக் கரகரத்தது. "நீ சாப்பிடு. நான் பாக்குறேன்."

"உங்க முன்னாடி வச்சு என்னால எப்படிங்க முடியும்?"

"வீட்டுல சுவத்தப் பாத்துட்டு உக்கார மட்டும் என்னால முடியுதா?"

அவள் அழுதாள், கத்தினாள், கடைசியில் செருப்பை மாட்டினாள்.

வாணலி வந்ததும் அவர் குனிந்து ஆவியை மோந்தார். பிறகு வேலைத்தளத்தில் ஆட்களை ஏவுவதுபோல ஏவ ஆரம்பித்தார். "மஞ்சக் கருவ இப்ப உடைக்காத. ஓரத்துலேர்ந்து எடு. ரொட்டிய நல்லா முக்கு." அவள் முக்கினாள், மென்றாள். வாய்க்குள் எல்லாம் மண்ணாக இருந்தது. "புளிப்பு எப்படி?" என்று கேட்டார். "சரியா இருக்குங்க" என்றாள். பிறகு கை கழுவப் போன இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனையையும் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது அவர் கேட்டார்: "கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"மிளகாய்."

வாராவாரம் இதே கதைதான். விஷயம் அவருடைய அக்காவின் காதுக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தம்பி பச்சைத் தண்ணி குடிக்க முடியாமக் கெடக்கான். நீ அவன எதிர்ல உக்கார வச்சிட்டு வக்கணையா வழிச்சுத் திங்கிறியாமே?"

"அவருதான் அண்ணி கூட்டிட்டுப் போறாரு."

"அவன் கூப்பிட்டா? உனக்கு எங்க போச்சு புத்தி?"

உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்து, "நான்தான்க்கா" என்றார். அக்காவின் காதில் அது ஏறவில்லை.

மழைக்காலம் முடியும்போது கட்டி திரும்ப வந்தது. இந்த முறை நுரையீரலிலும் இருந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் அவளைத் தனியே உட்கார வைத்துப் பேசினார்.

"இனிமே ஜாக்கிரதையா இருந்து எதைம்மா காப்பாத்தப் போறோம்? ஏதாவது ஆசைப்பட்டாருன்னா வாயால கொஞ்சம் குடுங்க. புரையேறும், காய்ச்சல் வரும். அதோட போனாலும் போயிடலாம். அவருக்கும் தெரியணும், உங்களுக்கும் தெரியணும்."

அவள் ஒன்றையும் மறைக்காமல் கணவனிடம் சொன்னாள். அவர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சூடா கொண்டா" என்றார்.

கஃபேக்குப் போய்ச் சொன்னாள். சமையல்காரர் வாணலியோடு துணியில் சுற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி அறையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வாணலியைப் பார்த்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா. சொன்னாக் கேளுடா."

"நீ கொஞ்சம் வெளிய இரு அக்கா."

முதல் கரண்டி நாக்கில் பட்டதும் அவர் கண்ணை மூடினார். தொண்டை இறங்கி ஏறியது. அடுத்த நொடி இருமல் பிடித்தது. உடம்பு கட்டிலைவிட்டு எம்பியது, உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் ஓடிவந்து, தொண்டைக்குள் குழாய் விட்டு அடைத்ததை உறிஞ்சி எடுத்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவர் மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"போதும்ங்க."

"இன்னும்."

அவள் மறுபடியும் கொடுத்தாள். கதவுக்கு வெளியே அக்கா அழுவது கேட்டது.

சாயங்காலமே காய்ச்சல் ஏறிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். உடலை எடுக்கும் நேரத்தில் அக்கா கூட்டத்தின் நடுவே நின்று, "கையால ஊட்டியே கொன்னுட்டா" என்றாள்.  அது பொய்யென்று மனைவியால் சொல்ல முடியவில்லை, தப்பென்றும் தோன்றவில்லை.

பல மாதம் கழித்து அக்கா கண்ணாடிக் கடைக்கு வந்தாள். அவள் வீட்டுப் பக்கத்தில் வேறு கடைகள் இருந்தன. தம்பி மனைவி அவளை உட்கார வைத்து, கண்ணுக்குச் சட்டம் பொருத்தி, ஒவ்வொரு வில்லையாக மாற்றிக் காட்டினாள்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?"

"இது." பிறகு எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவனுக்கு அது ருசிச்சுதா?"

"தெரியல அண்ணி. இன்னும் வேணும்னு கேட்டாரு."

அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "கண்ணாடி எப்பக் கிடைக்கும்?"

"வியாழக்கிழமை."

வியாழக்கிழமை அக்கா வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பியிருந்தாள்.