கணக்கப்புள்ளைக்கு ரெண்டு யூனிட்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பதுளையில் ஜௌபரின் மருந்துக்கடையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து ஒட்டுக்கேட்டு எடுத்தது. வழக்கமாக வாங்கும் கடையில் இன்சுலின் முடிந்துவிட்டதாம்.

"நோயாளி பேரு?" என்றார் ஜௌபர்.

"கணக்கப்புள்ள."

"வயசு?"

"ஒம்பது."

பேனை நின்றது. "சின்னப் புள்ளையா?"

"இல்லங்க. பூனை."

அதற்குப் பிறகு எனக்கு வாங்க வேண்டிய மருந்து மறந்துபோனது. பஸ் தரிப்பிடம்வரை அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நடந்து, மிச்சத்தைக் கேட்டேன். கேட்காத இடங்களில் நானே போட்டு நிரப்பினேன். எவை என்று சொல்லமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'ஸ்பிரிங்வெளி மலையில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த...' [வேண்டாம். தோட்டத்துக் கதை என்றால் பனி இறங்கியே தீரவேண்டுமா? அன்று கொளுத்துகிற வெயில்.]

இரண்டாவது: 'பாக்கியலெட்சுமி ஒரு பாவப்பட்ட...' [படித்தால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார்.]

சரி, நேராகவே சொல்கிறேன். பாக்கியலெட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணவர் கணபதி தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உழைத்து ஓய்ந்தவர். மகள் தனுஜா கொழும்பில். வீட்டில் மூன்றாவது ஆள் பூனைதான். காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடுகிற நேரத்தில் அதுவும் புறப்பட்டு, லயத்தின் பன்னிரண்டு வீட்டையும் வரிசையாக மேற்பார்வை செய்து, வீட்டுக்கு வீடு ஏதாவது தின்றுவிட்டு வரும். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் வேலையும் அதுதான்; அதனால் அந்தப் பேர்.

இந்த வருடம் அது வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. நன்றாகத் தின்றது, ஆனால் எலும்பு தெரிந்தது. அது மூத்திரம் பெய்த மண்ணில் எறும்பு மொய்த்தது. பதுளை மிருக வைத்தியர் காதில் குத்தி ஒரு துளி இரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார்.

"காலைல ஆறு, அந்திக்கு ஆறு, ரெண்டு ரெண்டு யூனிட். சாப்பிட்டாத்தான் ஊசி. போட்டமா இல்லியான்னு சந்தேகம் வந்தா, போடவே வேணாம். ஒரு ஊசி தவறினா தாங்கும். ரெண்டு தரம் போட்டா தாங்காது."

கணக்கப்புள்ளைக்குச் சர்க்கரை என்ற செய்தி லயம் முழுக்கப் பரவியது. மூன்றாம் நாள் நிஜக் கணக்கப்பிள்ளை சுரேன் வாசலுக்கு வந்தார். முப்பது வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மூணு வீட்டிலருந்து எனக்குப் பாவக்கா வந்திருக்கு. எனக்கு ஒரு நோவும் இல்லன்னு கொஞ்சம் எல்லாருக்கும் சொல்லிருங்க."

3

கணபதியை எழுதுவதில்தான் சிக்கல். முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சக்காரராக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. கல்நெஞ்சக்காரன் பூனைக்கு இனிப்புப் பணிஸ் ரொட்டி வாங்கமாட்டான். ஊசி தொடங்கி நாலாவது மாதம், டின்பால் தேத்தண்ணியில் பணிஸை நனைத்து, கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஊட்டிக்கொண்டிருந்தபோது பாக்கியம் பிடித்துவிட்டார்.

"என்னங்க இது?"

"வாயில்லாத சீவன். கேக்குது, பாக்கியம்."

"அது சாகணும்னுதான் குடுக்குறீங்களா?"

அதோடு பேச்சு நின்றது. பதினொரு நாள். (பாக்கியம் சொன்னது ஒன்பது. எனக்குப் பதினொன்று பிடித்திருக்கிறது.)

ஆனால் ஒரே அறையில் எப்படிப் பேசாமல் இருப்பது? பூனையிடம் பேசினார்கள்.

"கணக்கப்புள்ள, சோறு ஆறுதுன்னு சொல்லு."

"கணக்கப்புள்ள, எனக்குப் பசியில்லன்னு சொல்லு."

பூனை இவரைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், பிறகு தன் தட்டிலிருந்த அவித்த மீனைப் பார்க்கும்.

பாக்கியம் ஊசி போடும்போதெல்லாம் கணபதி கதவோரம் வந்து நின்றார். வம்புக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்தார் பாக்கியம். மனுசன் பாடம் படித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

4

பன்னிரண்டாம் நாள் காம்பராவில் பிள்ளைகளை நிறுக்கும் நாள். பாக்கியம் வெள்ளென எழும்பி, பூனைக்குத் தின்னக் கொடுத்து, ஊசியும் போட்டு, வெற்று ஊசியைப் போத்தலுக்குள் போட்டு மூடிவிட்டு ஓடினார். கணபதி வெளியே பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்திருந்தாலும் பாக்கியம் சொல்லியிருக்கமாட்டார்.

பத்து மணிக்குக் கணபதி காம்பரா வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை. கையில் துவாயில் சுற்றிய பூனை. அதன் தலை தொங்கியது, பின்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"அவசரத்தில நீ மறந்துட்டேன்னு நெனச்சு, நான் போட்டேன்."

"நானும் போட்டேங்க."

[இங்கே ஓர் உவமை இருந்தது. பூனை சாகக் கிடக்கும்போது உவமை எதற்கு?]

பாக்கியம் பிள்ளைகளின் சீனிப் போத்தலை எடுத்து, சீனியைத் தண்ணீரில் கரைத்தார். வாயில் ஊற்றாமல், விரலில் தொட்டு ஈறில் தடவினார். நாலு மாதமாகப் பன்னிரண்டு வீட்டுச் சீனியையும் விரட்டிய கை. போனில் டொக்டர், "தடவிக்கிட்டே கொண்டாங்க" என்றார். கூட வேலை செய்யும் வடிவம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஓட்டோ பதுளைக்கு இறங்கியது.

"கொன்னுட்டேன் புள்ள," என்றார் கணபதி.

"பேசாமத் தலையப் புடிங்க."

இரண்டு வளைவு போனது. பூனை அசையவில்லை.

"இல்லங்க, பேசுங்க. எதயாச்சும் பேசிக்கிட்டே வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

கணபதி பேசினார். கூரைத் தகரம் ஒழுகுவது, தனுஜா கொழும்பிலிருந்து போன் எடுத்தது, பூசணி பூத்தது, பதினொரு நாள் பசியில்லை என்று சொன்ன பொய். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. டவுன் பாலத்தடியில் பூனை பாக்கியத்தின் விரலைக் கடித்தது. இரத்தம் வந்தது. அந்த அம்மாள் அழுதது அப்போதுதான்.

ஒரு நாள் சேலைன் ஏற்றி வைத்திருந்தார்கள். 'அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா...' என்று டொக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம். நானும் நிறுத்துகிறேன்.

5

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார். இனிமேல் வருவது என் பொறுப்பு.

முதல் முடிவு: பூனை செத்துப்போகிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது முடிவு: ஊசியைக் கையிலெடுப்பவர் மற்றவரைக் கேட்காமல் போடக்கூடாது என்று வீட்டில் சட்டம் வருகிறது. கேட்கப் போய்ப் பேச்சு நீள்கிறது. ஆறு மணி அடித்தால் அந்த வீட்டில் இரண்டு குரல் கேட்கிறது. மாதங்கள் போகின்றன. பூனை தேறுகிறது, இரண்டு யூனிட் ஒன்றாகிறது. ஒருநாள் காம்பராவுக்கு டொக்டர் போன் எடுக்கிறார்: "சில பூனைக்கு இப்பிடி நடக்கும். இன்னக்கி அந்தியிலருந்து ஊசி வேணாம். காதில குத்திப் பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

பாக்கியம் சிரித்துக்கொண்டே படியேறுகிறார். பாதிப் படியில் கால் தயங்குகிறது. இனி ஆறு மணிக்கு அந்த மனுசன் எதைக் கேட்பார்?

உள்ளே போனால், பூனை தட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. கணபதி பிரிஜ்ஜிலிருந்து மருந்தை எடுத்து, ஊசியில் ஏற்றிவிட்டு நிமிர்கிறார்.

"நீ போடுறியா, நான் போடவா?"

பாக்கியம் வாயைத் திறக்கிறார். நான் பேனையை மூடுகிறேன். அவர் என்ன சொல்லவேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நிஜத்தையே சொல்லவையுங்கள், இல்லை ஏதாவது சாக்குச் சொல்லவையுங்கள். ஆனால் சீக்கிரம். கணபதி பூனையின் தோலைத் தூக்கிவிட்டார்.