சுவருக்கு இந்தப் பக்கம் மூன்று நட்டு

வீட்டுச் சுவரில் பட்டறைச் சாமான் வைக்க என்ன தட்டு மாட்டுவது என்று கனகராஜ் பதினெட்டு நாள் யோசித்தான். அந்த யோசனையெல்லாம் அவன் மனைவி சந்திரமதியைவிடப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்குத்தான் அத்துப்படி. சிம்பாங் ரெங்கம் ஊரின் பலகை வீட்டு வரிசையில் இரண்டு குடித்தனத்துக்கு நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அதுவும் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். பேச்சியம்மாள் சேதி தேடி எங்கேயும் அலைய வேண்டியதில்லை, சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாலே போதும்.

கனகராஜ் தோட்டத்தில் ஃபிட்டராக இருந்தவன். ரப்பர் விலை விழுந்தபோது ஆள் குறைத்தார்கள், அதில் இவனும் போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் விலை கொஞ்சம் தலைதூக்கவும், பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, சின்னத் தோட்டக்காரர்கள் ரப்பர் ஷீட் உருட்டும் கைமெஷின்களைப் பழுது பார்க்க அவனிடம் கொண்டுவந்தார்கள். முன்னறையே பட்டறையாகிவிட்டது. உருளையும் பல்சக்கரமும் தரையெல்லாம் கிடக்க, சந்திரமதி வாரம் தவறாமல் கால்விரலை இடித்துக்கொண்டு அலறினாள்.

"ஒண்ணு இந்த இரும்பு சுவத்துல ஏறணும், இல்லேன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறணும்" என்றாள் ஒருநாள். பேச்சியம்மாள் கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்.

முதலில் சீனத் தச்சர் வந்தார். நாலு கால் வைத்த அலமாரி செய்யலாம் என்றார். கால் நிற்கும் இடத்தில் மெஷினை எங்கே நிறுத்துவது? சரி, சுவரில் மரக்கை அடித்து மேலே பலகை போடலாம் என்றார். கனகராஜ் அவர் கொண்டுவந்த மரக்கையை முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தான்.

"தவுக்கே, இதுல ஊறுகா ஜாடி வைக்கலாம்லா. உருளை வச்சா என் தலையில வந்து உக்காரும்."

கடைசியில் குளுவாங் டவுனில் கொல்லர் பட்டறைக்கே போய், தடித்த இரும்பில் மூன்று கைகள் அடித்து வாங்கிவந்தான். அவற்றைச் சுவரில் எப்படிப் பிடிப்பது என்று மேற்கொண்டு ஐந்து நாள். ஆணி இளகிவிடும், திருகு பழைய பலகையில் நிற்காது.

"போல்ட்டுதான் சந்திரா. சுவத்தைத் துளைச்சு, அந்தப் பக்கம் வாஷர் போட்டு நட்டை முறுக்கிட்டா யானை தொங்கினாலும் அசையாது."

அந்தப் பக்கம் என்று அவன் லேசாகச் சொன்னது பேச்சியம்மாளின் வீடு. அனுமதி கேட்காமல் இல்லை, அவள் புருஷன் ஐயாசாமியிடம் கேட்டான். யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன தம்பி" என்பவர் ஐயாசாமி. சொன்னதை வீட்டில் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. பேச்சியம்மாள் கோயிலிலிருந்து வந்து பார்த்தால், மேலே மூன்றும் கீழே மூன்றுமாக ஆறு போல்ட்டு முனைகள் விரல் நீளத்துக்கு அவள் வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

மறுநாளே தீபாவளிச் சேலை மாட்டிக் கிழிந்தது. அவள் போய்ச் சண்டை பிடித்தாள். கனகராஜ் முனையை அறுத்துவிடுவதாகச் சொன்னான். சந்திரமதிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஒரு முழம் தள்ளி நடந்தா ஆகாதாக்கா? இல்ல, அந்த இடம் உங்களுக்குப் பத்தலையா?"

பேச்சியம்மாளின் பருமனைப் பற்றி வரிசையில் எல்லோரும் பேசியதுண்டு. முகத்துக்கு நேரே பேசியவள் இவள் ஒருத்திதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது.

பேச்சியம்மாள் பத்து நாள் பொறுத்தாள். முனை அறுபடவில்லை. பதினோராம் நாள் காலையில் ஐயாசாமியின் சைக்கிள் ஸ்பானரை எடுத்து, மேல்வரிசை நட்டு மூன்றையும் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள். தட்டு கொஞ்சம் ஆடட்டும், சந்திரமதியே வாசலில் வந்து நிற்கட்டும் என்பதுதான் கணக்கு.

மத்தியானம் கம்பத்து ஆள் ஒருவர் இரண்டு உருளைகளை இறக்கிப் போனார். கனகராஜ் முக்கி முனகி ஒன்றைத் தட்டில் ஏற்றினான். சுவர் கிறீச்சென்றது. இரண்டாவதையும் ஏற்றினான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுத் தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பல்சக்கரம் ஒன்றை அரத்தால் ராவ ஆரம்பித்தான்.

பேச்சியம்மாள் தற்செயலாகத்தான் திரும்பினாள். விரல் நீளம் நீட்டியிருந்த மேல் போல்ட்டுகள் இப்போது பாதிதான் தெரிந்தன.

அவள் கை தன்னையறியாமல் மூக்குத்திக்குப் போனது. உள்ளே திருகு இல்லாவிட்டால் மூக்குத்தி எத்தனை நேரம் மூக்கில் நிற்கும்? மடியிலிருந்து ஒரு நட்டை எடுத்து நடு போல்ட்டில் வைத்துத் திருகினாள். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. அழுத்திப் பிடித்தால் உள்ளேதான் போனது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அரம் சீராக ராவிக்கொண்டிருந்தது.

"தம்பி!"

அரம் நின்றது. மறுபடி ஓடியது.

"யாரோ கூப்பிடுறாங்க. காதுல விழாத மாதிரி இருங்க" என்றது சந்திரமதியின் குரல்.

"தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு இங்க வாங்க."

"போல்ட்டுதானேக்கா? வெள்ளிக்கிழமை அறுத்துடுறேன்."

"வெள்ளிக்கிழமை வேணாம். அந்த இடத்தை விட்டு இப்பவே எந்திரிங்க!"

"எங்க வீட்டுல எங்க உக்காரணும்னும் அவங்கதான் சொல்லணுமா?" சந்திரமதி குரலை உயர்த்தினாள். "நீங்க அசையாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

பேச்சியம்மாள் வாசலைப் பார்த்தாள். ஓடிப்போனால் சந்திரமதி வாசலிலேயே மறித்துக்கொள்வாள், அந்தச் சண்டை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சுவரைப் பார்த்தாள். நடு போல்ட்டு நக அளவுக்கு வந்திருந்தது. இதைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் வரிசை முழுக்கப் பரவும். பரவ வைப்பது எப்படி என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"நட்டை நான் கழட்டிட்டேன்! மேல மூணையும் நான்தான் கழட்டினேன்! எந்திரிடா பாவி!"

அரம் தரையில் விழுந்தது. முக்காலி உருண்டது.

பிறகு கனகராஜ் பேசினான். தோட்டத்து மெஷின் கொட்டகையில் பேசிய குரல் அது.

"எவ்வளவு நீட்டியிருக்கு?"

"நடுவுல நகம் அளவு. ஓரத்துல ரெண்டும் அரை விரல்."

"சந்திரா, வெளிய போ. அக்கா, கண்ணை எடுக்காதீங்க. அடுத்தவன் பொருள், கீழ இறக்கணும். நகந்தா சொல்லுங்க."

"வேணாம் தம்பி, கிட்டப் போகாதீங்க!"

"சொல்லுங்கக்கா!"

பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. "அப்படியே இருக்கு... அப்படியே இருக்கு..." ஓர் உருளையும் இறங்கியது. "அப்படியே... ஐயோ, உள்ள போயிருச்சு!"

பலகை அலறியது. நடு போல்ட்டு துளைக்குள் மறைந்தது, ஓரத்தில் இருந்தவையும் கூடவே போயின. அந்தப் பக்கம் விழுந்த விழுதில் இவள் வீட்டுச் சட்டி பானை குலுங்கின. துளை வழியே தூசி வந்தது.

"தம்பி?"

துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"தம்பி! ஏலே கனகராஜு!"

இருமல் கேட்டது. "இருக்கேன்."

பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு வரிசையே கனகராஜ் வாசலில் கூடிவிட்டது. அவள் எழுந்து போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். போகாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். தட்டு வளைந்து தொங்க, முக்காலி இருந்த இடத்தில் தரைப்பலகையைப் பிளந்துகொண்டு உருளை கிடந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

கனகராஜ் தலையிலிருந்த தூசியைத் தட்டினான். சந்திரமதி அவன் சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாளையே பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"நட்டு இளகியிருக்கு" என்றான் கனகராஜ் அவளை முந்திக்கொண்டு. "பேச்சியக்கா பாத்துச் சத்தம் போட்டாங்க. இல்லேன்னா நான் இல்ல."

சந்திரமதி வாயை மூடிக்கொண்டாள். பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

ராத்திரிவரை வரிசைப் பெண்கள் வந்து பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, மகராசி, நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும், எப்படி நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு என்று கேட்டார்கள். வரிசையில் அதுவரை நடந்ததிலேயே பெரிய சேதி அவள் கையில் இருந்தது. வெங்காயம் உரிக்கணும், நேரமாச்சு என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டாள்.