மாலை போட்டால் சம்மதமா?

சதாசிவம் மாமாவை வாய் திறக்க விடக்கூடாது என்ற முடிவோடுதான் அன்று காலை அவரை என் பால் வேனில் ஏற்றினேன். நல்ல மனிதர்தான். ஆனால் மைக்கைக் கண்டுவிட்டால் வந்தவர், வராதவர், வர நினைத்தவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிக்காமல் இறங்க மாட்டார். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான் தலைவர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் வருஷா வருஷம் அவரே வருகிறார்.

"மாமா, அங்க நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்."

"சபைக்கு ஒரு வணக்கமாச்சும் சொல்ல வேணாமா லா?"

"வேணாம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று எங்கள் நிலத்தைப் பற்றிய விசாரணை.

ஈப்போவை அடுத்த செமோருக்கு அப்பால் இருக்கிறது எங்கள் பழைய ரப்பர் தோட்டம். அதை மூடியபோது ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைத்தது, வீடு கட்டிக்கொண்டோம். மிச்சமெல்லாம் ஒரு கம்பெனி கைக்குப் போய், லாலான் புல்லும் கிழட்டு மரங்களுமாகக் கிடக்கிறது. என் பதினாலு மாடுகளும் அங்கேதான் மேய்கின்றன. சிலிபினில் பாதி சாப்பாட்டுக் கடைகளுக்கு என் பால்தான் போகிறது. வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பாலில்தான் படிக்க வைக்கிறேன். இப்போது அந்த விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்றி, ஆயிரக்கணக்கில் வீடு கட்டப் போகிறார்களாம். மேய்ச்சல் போவது மட்டுமில்லை. வீடுகளுக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகை இருக்கக்கூடாது என்று என் சொந்த நிலத்தில் உள்ள கொட்டகையையும் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். மாட்டை விற்றுவிட்டு நான் எந்த பேக்டரி வாசலில் போய் நிற்பது?

நிலத்தை மாற்றலாமா என்று விசாரிக்கும் அரசாங்கக் குழுவின் அறை குளிர்ந்து கிடந்தது. எங்கள் ஆட்கள் பின் வரிசைகளில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் மாமாவும் முன்னால். குழுவின் தலைவி ஒரு மலாய்க்கார அம்மாள், கண்டிப்பான முகம். பேச்செல்லாம் மலாயில்தான், அவரை மரியாதையாகப் 'புவான்' என்றுதான் அழைக்க வேண்டும். கம்பெனிக்கு வழக்கறிஞர் ரதீசன் வந்திருந்தார். ஈப்போக்காரர், தமிழர். உள்ளே நுழையும்போது மாமாவைப் பார்த்துக் கைகூடக் கூப்பிவிட்டு வந்தார்.

"குடியிருப்பாளர்கள் எதிர்க்கிறார்கள் என்பது உண்மையில்லை, புவான்" என்று ஆரம்பித்தார். சுவர்த் திரையில் ஒரு படம் ஒளிர்ந்தது.

போன மாதம் எங்கள் கோயில் திருவிழா. கம்பெனி மேலாளர் கழுத்தில் ரோஜா மாலை, தோளில் பொன்னாடை. மாலையைப் போட்டுவிட்டு, பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவர் சதாசிவம் மாமா. பின்னால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று நான் கன்று போடும் மாட்டோடு கொட்டகையில் கிடந்தேன். இது நடந்ததே எனக்குத் தெரியாது.

"எதிரிக்கு யாராவது மாலை போடுவார்களா? சங்கத் தலைவரே போட்டிருக்கிறார். இதைவிட என்ன சம்மதம் வேண்டும்?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மாலை என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்று அவருக்குத் தெரியாதா? பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வரும் டயர் கடை முதலாளிக்கு மாலை. மைக் செட் போட்டவருக்குப் பொன்னாடை. மலாய்க்கார அம்மாளுக்கு அது தெரியாது, ரதீசனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். வெட்டப் போகிற கிடாவுக்கும்தான் நாங்கள் மாலை போடுகிறோம் என்று கத்த வாய் வரை வந்துவிட்டது.

"படத்தில் இருப்பவர் யார்?" என்று தலைவி கேட்டார்.

"நான் விளக்கம் சொல்றேன், புவான்" என்று எழுந்தேன்.

"உங்களைக் கேட்கவில்லை. உட்காருங்கள். மாலை போட்டவர் சொல்லட்டும்."

மாமா எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தோட்டத்து மலாயில் தொடங்கினார். மதிப்பிற்குரிய தலைவிக்கு வணக்கம். அதிகாரிகளுக்கு வணக்கம். வழக்கறிஞருக்கு வணக்கம். கம்பெனி மேலாளர் வரவில்லை, அவருக்கும் வணக்கம். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை.

"நான்தான் போட்டேன், புவான். கோயிலுக்கு வந்தாரு, போட்டேன். நிலத்த மாத்தப் போறாருன்னு எனக்குத் தெரியாது." அதோடு விடவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன்."

ரதீசன் உதட்டில் சிரிப்பு. அலாமாக், கொட்டகை போயிற்று என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே மாமாவின் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

"நான் எல்லாருக்கும் போடுவேன், புவான். குழாய்த் தண்ணி கொண்டாரேன்னு வந்த அரசியல்வாதிக்கு ரெண்டு தடவ போட்டேன். ரெண்டு தடவயும் தண்ணி வரல. தோட்டத்த மூடுறோம்னு நோட்டீஸ் ஒட்டின மானேஜருக்கும், அவரு போற அன்னிக்கு நான்தான் போட்டேன். எங்களுக்கு வேல போச்சு, அவருக்கு ரோஜா மாலை. அதெல்லாம் சம்மதம்னா, எங்களுக்கு நடந்தது அத்தனைக்கும் நாங்க சம்மதிச்ச மாதிரிதான்."

"அப்படியானால் உங்கள் மாலைக்கு என்னதான் அர்த்தம்?"

மாமா பின்னால் திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்தார். அவர் கையால் மாலை வாங்குவது பெரிய கௌரவம் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் அவர்தான். அந்த மனிதருக்குச் சொத்து என்று இருந்ததே அந்தப் பேச்சு ஒன்றுதான்.

"ஒண்ணும் இல்ல, புவான்" என்றார். "பயம். பெரிய ஆளு யாராச்சும் வந்தா, கை தானா மாலைய எடுத்துரும்."

பின்னால் எங்கள் ஆட்கள் இத்தனை பேர் இருக்க, அத்தனை பேர் காதிலும் விழ அதைச் சொன்னார். அந்த மானேஜர் புறப்பட்ட நாள் எனக்கும் நினைவிருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் திடலில் எல்லோரையும் நிற்க வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. மாலை விழுந்ததும் அப்பா கை தட்டினார். அவர் தட்டுகிறாரே என்று நானும் தட்டினேன். மறுநாளிலிருந்து அப்பாவுக்கு வேலை இல்லை. காலையிலிருந்து மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தேனே, அப்பாவை ஒரு நாளாவது திட்டியிருக்கிறேனா?

தலைவி ரதீசன் பக்கம் திரும்பினார். "இந்தப் படம் தவிர, குடியிருப்பாளர்கள் சம்மதித்ததற்கு வேறு ஏதாவது இருக்கிறதா?"

"இப்போதைக்கு இல்லை, புவான்."

"இந்தப் படம் சம்மதம் ஆகாது. பாதிக்கப்படும் ஒருவர் எதிர்த்தாலும், நிலத்தை நேரில் பார்க்காமல் இதை நான் மேலே அனுப்ப முடியாது. எதிர்ப்பவர் யார்?"

எழுந்தேன். வாரக் கணக்கில் மனப்பாடம் செய்த மலாய்ப் பேச்சு ஒரு வரிகூட வரவில்லை. மாமா இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் மாதிரியே தோட்டத்து மலாயில் சொன்னேன்.

"என் பேரு கலாதேவி, புவான். எனக்குப் பதினாலு மாடு இருக்கு. தோட்டத்த மூடுனப்ப எங்கப்பாவும் நானும் கை தட்டினோம். இந்தத் தடவ நான் தட்ட மாட்டேன். எதிர்க்கிறேன்."