தேயிலைச் சூடு

அந்தத் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் மேசைக்கு ஒரே கரண்டிதான். காலையில் முப்பது கோப்பைகளில் தேநீர் ஊற்றி வரிசையாக வைப்பார்கள். அக்கா ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவாள், நாக்கில் புரட்டுவாள், தொட்டியில் துப்புவாள். அதே கரண்டி, அடுத்து நிற்கும் அவள் தம்பியின் கைக்குப் போகும். கரண்டி மாறினால் ருசி மாறிவிடும் என்பது அந்த அறையின் சட்டம். யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அடித்துச் சொல்வார்கள்.

இன்னொரு பெருமையும் அவர்களுக்கு உண்டு. ருசிக்காரர்களின் உதட்டோரத்தில் அவ்வப்போது கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். வெடித்து, பொருக்கு கட்டி, பத்து நாளில் உதிரும். அதற்குத் தேயிலைச் சூடு என்று பேர். நாள் முழுக்கக் கொதிக்கக் கொதிக்க உறிஞ்சினால் வராமல் என்ன செய்யும்? வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் தம்பிக்கு அது வந்தபோது, "இப்பதான்டா நீ ருசிக்காரன்" என்று அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

இன்று அவள் உதடு காலையிலிருந்தே குறுகுறுத்தது. மத்தியானம் மருந்துக் கடைக்குப் போனாள். தம்பிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, குறை மாதத்தில் பிறந்ததால் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தம்பியும் லீவு போட்டுவிட்டு அங்கேயேதான் இருந்தான். இன்றுதான் வெளியே எடுத்துக் கையில் தருகிறார்கள். சாயங்காலம் போய்க் கொஞ்ச வேண்டும், அதற்குள் இந்தச் சூட்டுக்கு ஏதாவது தடவ வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. தனக்கென்று ஒரு குழந்தை இல்லாதவளுக்கு அந்த அவசரம் நியாயம்தான்.

கடைக்காரம்மா உதட்டைப் பார்த்தார்.

"இது சூடு இல்லம்மா. வைரஸ். உள்ளேயே தங்கிடும். வெயில், காய்ச்சல், தூக்கம் கெட்டா மறுபடி கிளம்பும். இப்படிக் குறுகுறுக்கும்போதே மாத்திரை போட்டா சீக்கிரம் அடங்கும், பக்கத்துல டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. புண்ணைத் தொட்டா கையைக் கழுவுங்க. ஆறித் தோல் மூடுற வரைக்கும் எச்சில் பட்ட எதையும் யாருக்கும் குடுக்காதீங்க. முக்கியமா, பச்சைக் குழந்தைகிட்ட வாயைக் கொண்டு போகாதீங்க."

"போனா என்ன?"

"பெரியவங்களுக்கு இது புண்ணு. பிறந்த குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து."

"பூச்சாண்டி காட்டாதீங்க. எங்க ரூம்ல எல்லாருக்கும் வரும். என் தம்பிக்குக்கூட..." அக்கா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். கரண்டியை அவனிடம் நீட்டியது அவள் கைதான். அங்கேயே நின்று போன் போட்டாள்.

"டேய், உதட்டுல ஏதாவது இருக்கா?"

"ரெண்டு நாளா இருக்கு. தேயிலைச் சூடுதான்க்கா. இரு, பாப்பாவைக் கையில குடுத்துட்டாங்க. அப்புறம் பேசறேன்."

"முத்தம் கித்தம் குடுத்துடாதே! அது சூடு இல்லடா, வைரஸாம். குழந்தைக்கு ஒட்டும்."

"சூடுன்னு நீதானே சொன்னே?"

"தெரியாம சொன்னேன். பாப்பாவை உன் பொண்டாட்டிகிட்ட குடு. கையைக் கழுவு. வாயை மூடித் துணி கட்டிக்கோ. டாக்டர்கிட்ட காட்டு."

தம்பி மெதுவாகச் சொன்னான்:

"பதினோரு வருஷம்க்கா. என் பொண்ணை நான் கொஞ்சறது உனக்குப் பொறுக்கலையா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க வார்த்தை இல்லாமல் இல்லை. ஆனால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் குனிந்துவிட்டால்?

"ஆமாண்டா, பொறுக்கலை. பொறாமைன்னே வச்சுக்கோ. வாயை மட்டும் வைக்காதே."

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "இந்தா, நீயே வச்சுக்கோ" என்று அவன் மனைவியிடம் எரிந்து விழுவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

"கேட்டாரா?" என்றார் கடைக்காரம்மா.

"கேட்டுட்டான். இனிமே என்கூடப் பேச மாட்டான்."

சொல்லிவிட்டு, டாக்டர் எந்தப் பக்கம் என்று விசாரித்தாள்.