பழைய லாரிக்குப் புது ஸ்பீக்கர்

லாரியின் கதவுப் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் செட்டுக்காரர். வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டுவதுதான் அவர் பிழைப்பு. கெட்டுப்போன ஸ்பீக்கரை ஆயிரம் கழற்றியிருக்கிறார். கணீரென்று பாடுகிற ஸ்பீக்கரைக் கழற்றுவது இதுதான் முதல் தடவை.

"அண்ணே, இது நல்லாத்தானே பாடுது?"

"எங்க பாடுது? கிணத்துக்குள்ள இருந்து முனகுது. புதுசைப் போடு தம்பி. ஆம்ப்ளிஃபயரும் பெருசாப் போடு," என்றார் டிரைவர். இருபது வருஷமாக முதலாளியின் இந்த ஒரே வண்டியைத்தான் ஓட்டுகிறார். ஸ்பீக்கருக்கு அவர் கைக்காசு. "நான் பேசினா மட்டும் ஆங், ஆங்குறீங்க, பாட்டு மட்டும் கேக்கணுமாக்கும்னு வீட்டுல ஒரே சண்டை," என்று சிரித்தார்.

செட்டுக்காரர் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரைத் திருகி, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்துப் பாட்டைப் போட்டார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினார். முன்கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வசை பாடினார்.

"ம், இப்பப் பரவாயில்ல," என்று டிரைவர் கீழே இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கப் போனார்.

செட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. பாட்டை அணைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "அண்ணே" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். டிரைவர் திரும்பவில்லை. முகம் பார்த்துப் பேசினால் உதட்டசைவில் பிடித்துவிடுகிறார் போல.

கேபினுக்குள், டிரைவர் சீட்டை ஒட்டி இன்ஜின் மூடி புடைத்துக்கொண்டிருந்தது. வெறும் தகரம், இருபது வருஷச் சத்தத்தைத் தடுக்க மேலே ஒன்றும் இல்லை. காது விஷயம் வெளியே தெரிந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும். இந்த வயதில் வேறு யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? செத்தாலும் சொல்லக்கூடாது என்று செட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

"நானும் மூணு தடவை கூப்பிட்டுட்டேன்."

கடை வாசலில் லாரி முதலாளி நின்றிருந்தார். டிரைவரின் முதுகைப் பார்த்தபடியே பேசினார். "செவிடன் காதுல ஊதின சங்குதான். ஹாரன் கேக்காத ஆள்கிட்ட வண்டியைக் கொடுத்துட்டு நான் கோர்ட்டுக்கு அலையவா? நாளையில இருந்து என் மச்சான் மகன் ஓட்டுவான்."

"உங்க வண்டியில உக்காந்து போன காதுங்க, சார்."

"நானா போய் அவர் காதுல கத்தினேன்? புது செட்டு அப்படியே இருக்கட்டும், பையன் பாட்டுப் பைத்தியம். அவர்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க." காரில் ஏறப் போனவர் இன்ஜின் மூடியைக் கை காட்டினார். "அந்தச் சத்தத்துல பையனுக்குத் தலை வலிக்குமாம். மேல நல்ல கனமான ரப்பர் மெத்தையா ஒட்டிடுங்க. காசு பாக்காதீங்க."

அப்போதுதான் திரும்பிய டிரைவர் முதலாளியைப் பார்த்துச் சட்டென்று வணக்கம் வைத்தார். கார் போய்விட்டது.

செட்டுக்காரர் மெத்தைச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

டிரைவர் சுருளைப் பார்த்தார். இன்ஜின் மூடியைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாயிற்று.

"முதலாளியா ஒட்டச் சொன்னாரு? கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிச்சுது தம்பி. இப்பவாவது மனசு வந்துச்சே!"

செட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து தகரத்தில் பசையைத் தடவினார். டிரைவர் மறுமுனையைப் பிடித்துச் சுருக்கமில்லாமல் விரித்தார்.

"நல்லா ஒட்டு. வருஷக்கணக்கா உழைக்கணும்," என்று சொல்லிவிட்டு, ஓரம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளாலும் மெத்தையை அழுத்தியபடி, பசை காயும்வரை கையை எடுக்காமல் நின்றார்.